வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு ஒரு மின்நூல் கருவி

ஆறு அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை, 200 கிராமை ஒட்டிய எடை. செல்போன் போலக் கண்ணில் வெளிச்சம் அடிக்காது, மொட்டை மாடி வெயிலிலும் எழுத்து தெளிவாகத் தெரியும். சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கிறது. இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் இது பொதுவானதுதான். எனக்குப் பெரிதாகப் பட்டது எழுத்தின் அளவு.

வெள்ளெழுத்து வந்த பிறகு நான் வாசிப்பையே விட்டிருந்தேன். அம்மா வார இதழ்களிலிருந்து பிரித்துப் பைண்டு செய்து வைத்த தொடர்கதைகள் அலமாரி நிறைய இருக்கின்றன. ஆனால் பழுத்த தாளில் அந்தப் பொடி எழுத்தோடு, வேலையெல்லாம் முடிந்த ராத்திரியில் மல்லுக்கட்ட முடியவில்லை. இதில் எழுத்தை இரண்டு மடங்காக்கி, வரிகளுக்கு நடுவே இடம் விட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தபடி படிக்கிறேன்.

முதலில் ஏற்றியது 'பொன்னியின் செல்வன்'. கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமையானதால் மதுரைத் திட்டத்தின் தளத்தில் ஐந்து பாகமும் இலவசமாகக் கிடைக்கின்றன. பள்ளி நாட்களில் வந்தியத்தேவன் எப்போது வருவான் என்று பக்கங்களைத் தாவித் தாவிப் படித்தவள் நான். இந்த முறை என்னைப் பிடித்து நிறுத்தியவர் சோழ நாட்டின் தனாதிகாரியான பெரிய பழுவேட்டரையர். அறுபத்து நான்கு விழுப்புண் பட்ட உடம்பு, இளம் மனைவி நந்தினி மேல் முதுமையில் வந்த மோகம், அதை ஊரே கேலி பேசுவது தெரிந்தும் விட முடியாத மனசு. கொள்ளிட வெள்ளத்தில் சிக்கித் தப்பி, பள்ளிப்படைக் கோயிலுக்குப் பக்கத்தில் சதிகாரர்கள் அவளைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு அவர் நொறுங்கிப்போகும் இடத்தைச் சின்ன வயதில் வேகமாகக் கடந்திருப்பேன் போல, நினைவிலேயே இல்லை. இப்போது அந்த அத்தியாயத்துக்கு மேல் அன்றைக்குப் படிக்க ஓடவில்லை. கூடவே வாழ்ந்த ஒருவரைப் பற்றிய உண்மை தெரியவரும்போது மனிதர்கள் எப்படி ஆகிவிடுகிறார்கள் என்பதை இதற்குள் நானும் பார்த்திருக்கிறேன் அல்லவா?

குறைகளும் உண்டு. தொடராக வந்தபோது மணியம் வரைந்த ஓவியங்கள் இந்த இலவசப் பிரதியில் இல்லை; அதற்காகவே அம்மாவின் பைண்டை அவ்வப்போது எடுத்துப் புரட்டுகிறேன். அகராதி தமிழுக்கு உதவாது. வேற்றுமை உருபு ஒட்டிய சொல்லைத் தொட்டால் அதற்குப் பொருளே காட்டுவதில்லை. ஸ்கேன் செய்த பழைய நூல்களின் பிடிஎஃப்பை இந்தச் சின்னத் திரையில் படிப்பது வேதனை: பக்கத்தைப் பெரிதாக்கி, வரிக்கு வரி நகர்த்த வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கும் அருமையான பழைய பதிப்புகள் பலவும் அப்படிப்பட்டவைதான். அவற்றைத்தான் அதிகம் படிப்பீர்கள் என்றால் பத்து அங்குலத் திரை வாங்குங்கள், விலை கூடுதல்தான். கதை, கட்டுரை படிக்க ஆறு அங்குலமே போதும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தானே மடங்கிக்கொள்ளும் இபப் வடிவம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து இறக்குங்கள். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் அந்த வடிவத்தில் நிறைய நூல்கள் இலவசமாகவே இருக்கின்றன.

வாங்கும்போது திரைக்குள் விளக்கு இருக்கிறதா, அதை மஞ்சளாக மாற்ற முடிகிறதா என்றும் கேளுங்கள். அறையில் மற்றவர்கள் தூங்கும்போது படிக்கிறவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும்.