தோள்பட்டை இறுக்கத்துக்குப் பிசியோ: எதற்குக் காசு தகும்?

கை மேலே போகாது, முதுகுப் பக்கம் எட்டாது, இரவில் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியாது. நாற்பது வயதுக்கு மேல், அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ இது. இதற்காகப் பிசியோதெரபி கிளினிக் போனால் காசுக்குத் தகுந்தவை இரண்டு: முதல் நாள் பரிசோதனையும், கற்றுத் தரும் பயிற்சியும். மெஷின்களுக்கு அவ்வளவு மதிப்பெண் போட முடியாது.

முதல் சிட்டிங் அரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. தோள் தெரியும்படி தளர்வான உடை, சர்க்கரை ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் வேண்டும். பெண்கள் பெண் பிசியோவை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். நல்ல பிசியோ முதலில் உங்களையே கையைத் தூக்கச் சொல்வார். பிறகு கையைத் தளர விடச் சொல்லித் தானே தூக்கிப் பார்ப்பார். இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றால் மூட்டு இறுக்கம். அவர் தூக்கும்போது மட்டும் போகிறதென்றால் தசைநார் கிழிந்திருக்கலாம்; அதற்கு வைத்தியம் வேறு. முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுவார். இந்த நோயில் அதிகம் அடிபடுவது அந்த அசைவுதான். மூட்டு எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் கோணமானியான கோனியோமீட்டரால் அதை அளந்து டிகிரியில் எழுதி வைக்க வேண்டும். அளவே எடுக்காமல் இருபது சிட்டிங்குக்கு முன்பணம் கேட்கும் இடத்தில் கட்டாதீர்கள். தேறியிருக்கிறதா என்று பின்னால் எதை வைத்துச் சொல்வார்கள்?

‘கரண்ட் வைப்பது’ என்று நாம் சொல்லும் ஐஎஃப்டியில் நான்கு பேட் ஒட்டிக் கால் மணி நேரம் குறுகுறுக்கும். வலி சற்று நேரம் அடங்கலாம். இந்த நோயில் மூட்டைச் சுற்றிச் சுருங்கிப்போகும் உறை அதனால் விரியாது. சிகிச்சைக்கான அல்ட்ராசவுண்ட் மெஷின் வைத்தால் ஜெல் தடவி, அதன் தலைப்பகுதியை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் உள்ளே சூடேறிவிடும். பயிற்சிக்கு முன் சூடான ஒத்தடம் நல்லது, தசை தளரும். ஆனால் சர்க்கரையால் தோலில் உணர்ச்சி குறைந்தவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும், சுட்டாலும் தெரியாது. பேஸ்மேக்கர் இருந்தால் படுக்கும் முன்பே சொல்லுங்கள். கரண்டும், மின்காந்த அலையால் உள்ளே சூடேற்றும் டயதெர்மியும் வேண்டாம்.

பெரும்பாலான கிளினிக்குகள் சறுக்குவது வலி உச்சத்தில் இருக்கும் ஆரம்ப மாதங்களில். ‘வலித்தால்தான் சரியாகும்’ என்று முரட்டுத்தனமாக இழுத்தால் வீக்கம் கூடி, தூக்கம் இன்னும் கெடும். பயிற்சி முடிந்து சற்று நேரத்தில் வலி தணிந்தால் அளவு சரி. மறுநாள் வரை நீடித்தால் குறைக்க வேண்டும். இதை நோயாளியிடம் கேட்டுக் கேட்டு மாற்றுகிற பிசியோவை விட்டுவிடாதீர்கள்.

வீட்டுக்கு இரண்டு பயிற்சிகளாவது கற்றுத் தர வேண்டும். நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு முன்பின், பக்கவாட்டு, வட்டம் எனப் பத்துப் பத்து முறை ஆட்டுவது ஒன்று. மற்றது குச்சிப் பயிற்சி: இரண்டு கையிலும் குச்சியைப் பிடித்து, நல்ல கையால் மெதுவாகத் தள்ளி மற்ற முன்கையை வெளிப்பக்கம் திருப்புவது. இதில் முழங்கை விலாவைவிட்டு விலகினால் தோள் திரும்பாது, உடம்புதான் திரும்பும். இடுக்கில் மடித்த துண்டை வைத்து, அது விழாமல் செய்யுங்கள். கையை உயர்த்தும்போது தோளைக் காதுப் பக்கம் தூக்குவதும் எல்லோரும் செய்யும் தவறு. கண்ணாடி முன் நின்றால் தெரியும்.

இது வாரக்கணக்கில் தீராது, மாதக்கணக்கு ஆகும். மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி ஆரம்பத்தில் வலியைக் குறைத்துப் பயிற்சிக்கு வழிவிடும். சர்க்கரை சில நாள் ஏறும் என்பதால் மருத்துவரிடம் கேட்டு அளவு பார்த்துக்கொள்ள வேண்டும். ஊசியோடு சேர்ந்த பிசியோவையும் இரண்டு வகை அறுவைச் சிகிச்சைகளையும் பிரிட்டனில் 503 பேரிடம் ஒப்பிட்டார்கள். 2020-இல் வெளியான முடிவில் ஓராண்டுக்குப் பிறகு எதுவும் மற்றதைத் தெளிவாக விஞ்சவில்லை. அதனால் கத்திக்கு அவசரப்பட வேண்டியதில்லை.

இடது தோள் வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் வந்தால் பிசியோவிடம் அல்ல, உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். நடமாட முடியாத முதியவர்களுக்கு தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வரும் ஏற்பாடு உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.