குன்றுக்குள் கட்டிய நாடாளுமன்றம்: கான்பெரா வளாகம் குறித்து

ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெராவுக்குச் சுற்றுலா செல்பவர்களில் பலர் நாடாளுமன்ற இல்லத்துக்குள் நுழைந்து, இரண்டு அவைகளையும் எட்டிப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் கட்டடத்தின் அருமை வெளிப்புறத்தில்தான் இருக்கிறது என்பது என் மதிப்பீடு. அதற்கென்று அரை நாளாவது ஒதுக்குவது நல்லது.

1912-இல் இந்நகரின் வடிவமைப்புப் போட்டியில் வென்ற வால்ட்டர் பர்லி கிரிஃபின், இப்போது நாடாளுமன்றம் இருக்கும் குன்றின் உச்சியை மக்களுக்கான பொதுமன்றத்துக்கு விட்டுவிட்டு, நாடாளுமன்றத்தை அதற்குக் கீழே வைத்திருந்தார். பிற்காலத்தில் உச்சியிலேயே நாடாளுமன்றம் கட்டுவதென்று முடிவானபோது, பிரதிநிதிகள் மக்களுக்கு மேலே போய் அமர்வது முறையா என்ற கேள்வி எழத்தானே செய்யும்? அதற்கு விடையாக, கட்டடக் கலைஞர் ரோமால்டோ ஜியர்கோலாவும் அவருடைய குழுவினரும் குன்றை வெட்டி, பத்து லட்சம் கன மீட்டருக்கும் அதிகமான பாறையையும் மண்ணையும் அகற்றி, கட்டடத்தை அந்தப் பள்ளத்தில் அமைத்து, கூரைமேல் மறுபடியும் புல் வளர்த்தார்கள். 1988 மே 9 அன்று இரண்டாம் எலிசபெத் அரசி திறந்துவைத்த இந்த இல்லம், தூரத்திலிருந்து பார்த்தால் இன்றும் கொடிமரம் நட்ட பச்சைக் குன்றாகவே தெரிகிறது.

முன்முற்றத்தில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். செந்நிறச் சரளை பரப்பிய வெளியின் நடுவே, நீர் சூழ்ந்த தீவுபோல ஒரு பெரிய கற்சித்திரம் பதித்திருக்கிறார்கள். வார்ல்பிரி பழங்குடி ஓவியர் மைக்கேல் நெல்சன் ஜகமாராவின் ஓவியத்தை ஏறத்தாழ 90,000 கருங்கல் துண்டுகளால் தரையில் எழுப்பிய வேலை அது. குனிந்து பார்த்தால், கையால் வெட்டிய ஒவ்வொரு துண்டின் விளிம்பும் சற்று வேறுபட்டிருப்பதையும், அந்தச் சிறு பிசிறுகளே புள்ளி ஓவியத்தின் உயிர்ப்பைக் கல்லிலும் காப்பாற்றுவதையும் உணரலாம். நாட்டின் மூத்த குடிகளின் கலையைத் தாண்டித்தான் அவைக்குள் போக வேண்டும் என்ற ஏற்பாடு எனக்கு மிகுந்த மதிப்பை உண்டாக்கியது. அதை அடுத்து வரும் வெண்பளிங்கு முகமண்டபம் கம்பீரமாக இருந்தாலும், கற்சித்திரத்தின் முன் சற்றுச் சம்பிரதாயமாகத்தான் படுகிறது.

உள்ளே பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் மின்தூக்கியில் கூரைக்குச் செல்லலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. தலைக்கு மேல் நான்கு கால்களில் நிற்கும் துருப்பிடிக்காத எஃகுக் கொடிமரம் 81 மீட்டர் உயரம்; அதில் பறக்கும் கொடி 12.8 மீட்டர் நீளமும் 6.4 மீட்டர் அகலமும் கொண்டது. அங்கிருந்து வடக்கே பார்த்தால், 1927-இல் திறந்த பழைய நாடாளுமன்றம், ஏரி, ஆன்சாக் சாலை, போர் நினைவகம், அதன் பின்னால் எய்ன்ஸ்லி மலை என எல்லாமே நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் நிற்கின்றன. கிரிஃபின் காகிதத்தில் இழுத்த கோடு இவ்வளவு தெளிவாகப் புலப்படும் இடம் வேறு இருக்குமா என்பது ஐயமே.

குறை ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் வெளியிலிருந்தே புல்சரிவில் ஏறி, தங்கள் பிரதிநிதிகளின் தலைக்கு மேலே எவரும் நடக்கலாம். குழந்தைகள் அதில் உருண்டு விளையாடியதும் உண்டு. பாதுகாப்புக் காரணங்களுக்காக 2017-இல் வேலிப் பணி தொடங்கியபின் அந்த வழி அடைபட்டுவிட்டது. அச்சுறுத்தலைக் கருத்தில் கொள்ளாமல் இருக்க முடியாது என்பதை ஏற்கிறேன். ஆயினும் மின்தூக்கியில் போய் இறங்குவது சரிவில் கால்பதித்து ஏறுவதற்கு ஈடாகாது. வடிவமைப்பின் அடிப்படைக் கருத்தே அந்த ஏற்றத்தில்தான் இருந்தது.

உள்முற்றத் தோட்டங்கள் பெரும்பாலும் உறுப்பினர்களும் அலுவலர்களும் புழங்கும் பகுதிகளில் இருப்பதால், பொதுமக்கள் அங்கே விருப்பம்போல் உலவ முடியாது. வெளிச்சுற்றில் யூகலிப்டஸ் முதலிய உள்நாட்டு மரங்களுக்கிடையே நடக்கத் தடையில்லை. முன்முற்றத்தில் நிழல் கிடையாது; தென்கோளத்தில் வெயில் வடக்கிலிருந்து விழுவதால் கோடையில் நண்பகலைத் தவிர்த்து, காலையிலேயே செல்லுங்கள்.