பிரான்மலை என்று பணம் வாங்கி, திருமயத்தைக் காட்டுகிறார்கள்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் தங்கிச் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் கவனத்துக்கு. 'காட்டு வழி மலை ஏற்றம், பாரி மன்னன் கோட்டை, ஆறு மணி நேரம், தலைக்கு 1,500' என்று ஒரு வழிகாட்டி ஆள் பிடிக்கிறார். எங்கள் ஆறு பேரிடம் 9,000 ரூபாயையும் முதல் நாளே வாங்கிக்கொண்டு அவர் கூட்டிப்போனது திருமயம் கோட்டைக்கு.

பாரியின் பறம்புமலை என்று சொல்லப்படுவது சிங்கம்புணரிப் பக்கம் இருக்கும் பிரான்மலை. காரைக்குடியிலிருந்து மேற்கே குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் எல்லாம் தாண்டித்தான் போக வேண்டும். வண்டி வடக்கே புதுக்கோட்டைச் சாலையில் ஏறினால் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். கேட்டதற்கு, "ஃபாரஸ்ட்ல இன்னைக்கு விடமாட்டாங்க சார், இதுவும் பாரி கோட்டைதான்" என்றார். திருமயம் கோட்டை 1687இல் கிழவன் சேதுபதி கட்டியது. பாரி சங்ககாலத்து ஆள். உச்சியில் பீரங்கி நிற்கும் கோட்டையைக் காட்டி, கூட வந்த பிள்ளைகளிடம் பாரி கதை சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. பணம் போனதுகூட அதற்கு அடுத்துதான்.

திருமயம் அருமையான இடம், அதில் குறையில்லை. மலையைக் குடைந்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் அடிவாரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் அங்கே காடு கிடையாது. பஸ்ஸில் போய், தொல்லியல் துறை கவுண்டரில் சீட்டு வாங்கி, நீங்களே ஏறி இறங்கலாம்.

பிரான்மலைதான் ஏற வேண்டும் என்றால், பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை மணிக்கு ஏறுவோம்? விடியும்போதே தொடங்க வேண்டும். எங்களை அழைக்க வண்டி வந்ததே பத்தரைக்கு. அந்நேரம் பாறையில் கை வைக்க முடியாது. தண்ணீர் எவ்வளவு? ஆளுக்கு 3 லிட்டராவது வேண்டும், மேலே கிடைக்கும் என்று நம்பக் கூடாது. இவர் கொண்டுவந்தது ஆறு பேருக்கு இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று. போகிற பாதை வனத்துறையுடையதா? 2018 குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு வனப்பகுதியில் மலையேற விதிமுறைகள் வந்துவிட்டன. அனுமதி இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது, தாளைக் கண்ணால் பாருங்கள். மழை பெய்த மறுநாள் வழுக்கும். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் கால் பிசகும். ரப்பர் செருப்போடு போகாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது டீசல், டிரைவர் பேட்டா என்று கணக்குச் சொல்லி 1,000 ரூபாய் மட்டும் தந்தார். முன்பணமாகக் கால்பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். மலையின் பெயர், ஏறத் தொடங்கும் இடம், கிளம்பும் நேரம் மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டு மீதியை அடிவாரத்தில் கொடுங்கள்.