காளான் சத்துமாத்திரை: பொடியா, எக்ஸ்ட்ராக்டா, டிங்சரா?

ரெய்ஷி என்ற மருத்துவக் காளானின் பெயர் போட்ட இரண்டு டப்பாக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் உலர்த்தி அரைத்த பொடி. இன்னொன்றில் வெந்நீரில் காய்ச்சி வற்றவைத்த எக்ஸ்ட்ராக்ட். மேலே இருக்கும் படம் ஒன்றுதான், உள்ளே இருப்பவை கிட்டத்தட்ட வேறு வேறு பொருள்கள். வாங்குகிறவர்கள் எந்தக் காளான் என்று பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். அதை எப்படிப் பக்குவப்படுத்தினார்கள் என்பதும் அதே அளவு முக்கியம்.

காளானின் செல்சுவரில் கைட்டின் இருக்கிறது. நண்டு, இறால் ஓட்டில் இருக்கும் அதே பொருள். நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டுவதாகச் சொல்லப்படும் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து இந்தக் கைட்டினோடு பின்னிக் கிடக்கிறது. நம் குடலால் கைட்டினைச் சரியாக உடைக்க முடியாது. ஆகவே வெறுமனே அரைத்த பொடியில் பீட்டா குளுக்கான் இருந்தாலும் அதில் எவ்வளவு நமக்குப் பயன்படும் என்பது கேள்விதான். பொடியை நைசாக அரைத்தால் கொஞ்சம் உதவும், வெந்நீரில் நேரமெடுத்துக் காய்ச்சினால் நன்றாகவே உதவும்.

சீன மருத்துவத்தில் ரெய்ஷியைக் கஷாயமாகவே காய்ச்சி வந்தார்கள். இன்றைய வெந்நீர் எக்ஸ்ட்ராக்டும் அடிப்படையில் அதே கஷாயம்தான்: காய்ச்சி, வடிகட்டி, வற்றவைத்து, தூளாக்குவது. பீட்டா குளுக்கானுக்காக வாங்குகிறீர்கள் என்றால், குறிப்பாக டர்க்கி டெயில் போன்ற காளான்களில், என் ஓட்டு இதற்குத்தான். கார்டிசெப்ஸ் காளானில் உள்ள கார்டிசெபின் என்ற பொருளும் நீரில் கரையும் என்பதால் அங்கேயும் வெந்நீரே போதும்.

ஆனால் ரெய்ஷிக்கு அது பாதி வேலைதான். அதன் கசப்புக்குக் காரணமான ட்ரைடெர்பீன்கள் (கனோடெரிக் அமிலங்கள் இந்த வகை) நீரில் சரியாகக் கரையாது, ஆல்கஹாலில் கரையும். டிங்சர், அதாவது வெறும் ஆல்கஹாலில் ஊறவைத்த சாறு, எடுத்தால் இவை வந்துவிடும், பீட்டா குளுக்கான் சக்கையிலேயே தங்கிவிடும். அதனால்தான் இரண்டையும் தனித்தனியாக எடுத்துச் சேர்க்கும் இரட்டை எக்ஸ்ட்ராக்ட் வந்தது. ரெய்ஷிக்கு இதுவே சரியான வழி என்பது என் கருத்து. கசக்கவே கசக்காத ரெய்ஷியைக் கண்டால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

இரட்டை எக்ஸ்ட்ராக்ட் திரவமாக வரும்போது ஒரு சிக்கல் உண்டு. ஆய்வகத்தில் பாலிசாக்கரைடை (பீட்டா குளுக்கான் போன்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளை) பிரித்தெடுக்க நீர்ச்சாற்றில் ஆல்கஹாலை ஊற்றுவார்கள், அது திரிந்து அடியில் படியும். சொட்டுமருந்துக் குப்பியில் ஆல்கஹால் அதிகமானால் அங்கேயும் இதேதான் நடக்கும். அடியில் மண்டி தெரிந்தால் குலுக்கித்தான் குடிக்க வேண்டும். அப்புறம், சில சொட்டுகளில் எவ்வளவு காளான் இருந்துவிட முடியும்? உலர் எக்ஸ்ட்ராக்ட் கேப்சூல் இந்த விஷயத்தில் நேர்மையானது.

அப்படியென்றால் பொடி வீணா? இல்லை. 2009-இல் ஜப்பானில் லயன்ஸ் மேன் காளானை வைத்து ஒரு சோதனை நடந்தது. 50 முதல் 80 வயதுக்குட்பட்ட, லேசான மறதிப் பிரச்சினை உள்ள 30 பேர், 16 வாரங்கள். மாத்திரை எடுத்தவர்களின் அறிவாற்றல் சோதனை மதிப்பெண் கூடியது, நிறுத்திய பிறகு இறங்கியது. கொடுத்தது எக்ஸ்ட்ராக்ட் இல்லை, உலர்த்திய காளான் பொடி, நாளுக்குச் சுமார் 3 கிராம். சிறிய சோதனைதான். ஆனாலும் ‘எக்ஸ்ட்ராக்ட் இல்லாவிட்டால் பயனே இல்லை’ என்ற விளம்பரப் பேச்சுக்கு இது நல்ல பதில். பொடியில் அளவு முக்கியம், அரை கிராம் கேப்சூல் ஒன்றை விழுங்கிவிட்டு அந்தச் சோதனையைக் காட்டக் கூடாது.

இதே லயன்ஸ் மேனில்தான் காளானா மைசீலியமா (காளான் முளைக்கும் பூஞ்சை இழை) என்ற சண்டையும் சூடாக நடக்கிறது. நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தூண்டுவதாக ஆய்வகத்தில் பார்க்கப்பட்ட ஹெரிசினோன்கள் காளானில் இருக்கின்றன, எரினாசின்கள் மைசீலியத்தில் இருக்கின்றன. ஆகவே மைசீலியம் என்றாலே மட்டம் என்று தள்ளிவிட முடியாது. டர்க்கி டெயிலிலிருந்து எடுக்கும் பி.எஸ்.கே. என்ற பாலிசாக்கரைடு மருந்து 1977-இல் ஜப்பானில் புற்றுநோய்ச் சிகிச்சையின் துணைமருந்தாக ஒப்புதல் பெற்றது. அதுவும் மைசீலியத்திலிருந்து வருவதுதான், ஆனால் திரவத்தில் வளர்த்து வெந்நீரில் பிரித்தெடுப்பது.

பிரச்சினை தானியத்தில் வளர்த்த மைசீலியம். அரிசியிலோ ஓட்ஸிலோ பூஞ்சை இழை படர்ந்ததும் தானியத்தைப் பிரிக்காமல் அப்படியே உலர்த்தி அரைத்துவிடுகிறார்கள். கைக்கு வருவதில் கணிசமான பங்கு மாவுச்சத்து. ஒரு துளி அயோடின் விட்டால் கருநீலமாக மாறிக் காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவில் விற்ற 19 ரெய்ஷி தயாரிப்புகளைச் சோதித்து 2017-இல் வெளியான ஆய்வில், லேபிளோடு ஒத்துப்போனவை ஐந்தே ஐந்து. மற்றவற்றில் பலவற்றில் ட்ரைடெர்பீனைக் காணோம், சர்க்கரை அமைப்பு மாவுச்சத்தைப் போல இருந்தது.

ஆகவே லேபிளில் ‘பாலிசாக்கரைடு 40%’ என்று இருந்தால் அதை நம்பி வாங்காதீர்கள். மாவுச்சத்தும் பாலிசாக்கரைடுதான். தூளாக்கும்போது சேர்க்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருளும் அந்தக் கணக்கில் ஏறிவிடலாம். பீட்டா குளுக்கான் எவ்வளவு, ஆல்ஃபா குளுக்கான் (மாவுச்சத்து இந்த வகை) எவ்வளவு என்று பிரித்துப் போட்டிருந்தால்தான் மதிப்பு. 10:1 என்ற விகிதமும் அப்படித்தான்: பத்துக் கிலோவிலிருந்து ஒரு கிலோ எடுத்தார்கள் என்று சொல்லும், அந்த ஒரு கிலோவில் என்ன இருக்கிறது என்று சொல்லாது. காளான்கள் மண்ணிலிருந்தும் மரத்திலிருந்தும் காட்மியம் போன்ற கன உலோகங்களை இழுத்துக்கொள்ளக்கூடியவை என்பதால் அதற்கான பரிசோதனை அறிக்கையையும் கேளுங்கள்.

‘உடைத்த வித்து’ (ஸ்போர்) ரெய்ஷி தனி ரகம். வித்தின் ஓடு கடினமானது, உடைக்காவிட்டால் உள்ளே இருப்பது வெளியே வராது. உடைத்தாலோ உள்ளிருக்கும் எண்ணெய் காற்றுப் பட்டுக் கெட ஆரம்பிக்கும்.

எந்த முறையில் தயாரித்தாலும் பலனைப் பெரிதாக எதிர்பார்க்க ஆதாரம் போதாது. ரெய்ஷியை இதயநோய் அபாயக் காரணிகளுக்காகப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றுதான் 2015-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு சொன்னது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ரெய்ஷியைத் தொட வேண்டாம். சாகா என்ற காளானில், சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகக்கூடிய ஆக்சலேட் அதிகம். நாள்தோறும் சாகா பொடி சாப்பிட்டுவந்தவருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதாக ஜப்பானிலிருந்து பதிவு உண்டு. பொடியை விட்டுக் கஷாயத்துக்கு மாறினாலும் தப்ப முடியாது, கரையும் ஆக்சலேட் வெந்நீரோடு இறங்கிவிடும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் சாகாவை எந்த வடிவத்திலும் வாங்காமலிருப்பதே நல்லது.