யானை வரும் ஊரில் எதைப் படிப்பது, எதைப் பார்ப்பது?

தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் பக்கத்துப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருக்கிறேன். சுற்றுச்சூழல் மன்றத்துக்குக் கிடைப்பது கொஞ்சம் பணம், வாரத்துக்கு ஒரு பாடவேளை. அதைக் கொண்டு புத்தகம் வாங்குவதா, படம் போட்டுக் காட்டுவதா, கைப்பேசியில் பறவைக் கணக்கு எழுதப் பழக்குவதா என்ற கேள்வி ஆண்டுதோறும் வருகிறது. மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன்.

பிள்ளைகள் முதலில் கேட்பது படத்தைத்தான். 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' 2022-இல் வந்த, சுமார் 40 நிமிட ஆவணப்படம். பொம்மன், பெள்ளி என்ற யானைப் பராமரிப்பாளர் தம்பதி தெப்பக்காடு யானைகள் முகாமில் வளர்த்த குட்டி ரகு, நம் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காட்டில் தாயில்லாமல் தவித்து மீட்கப்பட்டவன். இதைச் சொன்னவுடன் கடைசி வரிசைவரை நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். படத்தில் பேசுவதும் தமிழ் என்பதால் விளக்கவுரையே தேவைப்படவில்லை. இரக்கத்தை இவ்வளவு விரைவாகத் தொடுகிற புத்தகம் எதையும் நான் வகுப்பில் பார்த்ததில்லை.

ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு யானை என்றால் ராகிக் கொல்லை. கதிர் முற்றும் நாட்களில் அப்பாவோடு பரண் மேல் விழித்திருந்துவிட்டு மறுநாள் வகுப்பில் கண் சொக்குகிறவர்கள் அவர்கள். இந்தப் படத்துக்கு ஆஸ்கர் அறிவிக்கப்பட்ட அதே 2023 மார்ச்சில்தான் மாரண்டஅள்ளி அருகே மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் பிழைத்தன. படம் முடிந்ததும் ஒரு மாணவன், "ஐயா, ராகி போனவருக்கு யார் ஈடு கொடுப்பார்கள்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் படத்தில் இடமில்லை. முகாமுக்குள் ஒரு குட்டியைச் சுற்றியே நிற்கும் கதை அது. பிபிசி தயாரித்த 'பிளானட் எர்த்' போன்ற தொடர்கள் கண்ணுக்கு விருந்துதான், ஆனால் பார்த்துவிட்டு வெளியே வரும் பிள்ளைக்குப் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஏரி சப்பென்று தெரிகிறது. அதனால் அவற்றை நிறுத்திவிட்டேன்.

புத்தகங்களில் நம் ஊர்ப் பெயர்கள் நிறைந்தது கென்னத் ஆண்டர்சன் 1954-இல் வெளியிட்ட வேட்டைக் கதைத் தொகுப்பு. ஜவளகிரி, முத்தூர், சின்னாறு என்று தெரிந்த இடங்களாகவே வரும். அதைப் படிக்கும்போது எனக்கும் உடல் சிலிர்த்தது. ஆனால் துப்பாக்கி முனையிலிருந்து பார்க்கிற காடு அது. அந்த வட்டாரத்துக் காடுகளில் ஒரு பெரும்பகுதி 2014-இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாகிவிட்டது. 2022-இல் காவிரி தெற்கும் சேர்ந்தது. அக்காலத்துக் காட்டின் சாட்சியமாகப் பத்தாம் வகுப்புக்கு மேல் கொடுக்கலாம். முதல் புத்தகமாகக் கொடுக்க மாட்டேன்.

முதல் புத்தகத்துக்கு என் தேர்வு மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். ஆங்கிலத்தில் 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை ஒரே நாளிதழில் இயற்கைப் பத்தி எழுதியவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' எங்கள் நூலகத்தில் அட்டை கிழிந்து கிடக்கிறது, அவ்வளவு கைமாறியிருக்கிறது. புலியைத் தேடிப் போகாமல் காக்கையையும் அணிலையும் நின்று பார்க்கக் கற்றுத்தரும் எழுத்து அது. பாஸ்கரனின் 'இன்னும் பிறக்காத தலைமுறைக்கு' அடுத்த படி. காடு ஏன் சுருங்குகிறது என்பதைத் தமிழிலேயே வாதாடிப் பேசப் பழக்குகிறது. ராகிக்கு ஈடு கேட்டவனிடம் அதைத்தான் கொடுத்தேன்.

சலீம் அலியின் பறவை நூல் 1941-இல் வந்தது, பெருமைக்குரியது. எங்களுக்கு அதன் ஆங்கிலம் தடை. ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா வெளியிட்ட பறவைக் கையேடு ஏரிக்கரையில் அதைவிடப் பயன்பட்டது. கொண்டலாத்தி, வாலாட்டி, தகைவிலான் என்ற பெயர்களைப் பிள்ளைகள் வாய் நிறையச் சொல்கிறார்கள்.

இனி இணையம். பார்த்ததைப் பதிவு செய்ய இரண்டு செயலிகள்: பறவைக்கு இ-பேர்டு, மற்ற எல்லாவற்றுக்கும் ஐநேச்சுரலிஸ்ட். இரண்டையும் சமமாகச் சொல்ல முடியாது. ஐநேச்சுரலிஸ்டில் பெரும்பாலும் படம் போட வேண்டும். சாதாரணக் கைப்பேசியில் பூச்சியும் பூவும் தெளிவாக விழும், மரக்கிளையிலுள்ள பறவை விழாது. அரிய உயிரினங்களின் சரியான இடத்தை அது மறைத்துக் காட்டுவது எனக்குப் பிடித்திருக்கிறது. வேட்டைக்காரருக்கு வழிகாட்டக் கூடாதல்லவா? இ-பேர்டுக்குப் படம் வேண்டாம், கண்ணும் எண்ணிக்கையும் போதும். சிக்னல் இல்லாத இடத்தில் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அனுப்பலாம். ஒகேனக்கல் சாலையில் இது பெரிய வசதி. 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது இப்படிப் பொதுமக்கள் அனுப்பிய பட்டியல்களைக் கொண்டுதான். குரலை வைத்துப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியை மட்டும் முதல் ஆறு மாதம் திறக்க விடுவதில்லை. அதைத் திறந்தால் பிள்ளைகள் மரத்தை விட்டுவிட்டுத் திரையைப் பார்க்கிறார்கள்.

இந்த ஆண்டுப் பணத்தில் தருமபுரி புத்தகத் திருவிழாவில் க்ரியா கையேடு மூன்று படிகள், கிருஷ்ணன் ஒன்று வாங்கப் போகிறேன். ரகுவின் படத்தை ஜூனில் ஒரு முறை காட்டுவோம். மற்ற வாரங்களில் அந்தப் பாடவேளை ஏரிக்கரையில் நடக்கும். பட்டியல் எழுதும் நோட்டு ராகிக் கொல்லைக்காரர் மகனிடம் இருக்கும்.