ராவெல்ரி: எல்லைப்புறப் பின்னல்காரி ஒருத்தியின் மதிப்பீடு

களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் வரை உள்ள ஊர்களில் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா வேலை தெரிந்த பெண்களுக்குக் குறைவில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் மிஷன் சபையைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த குமரி மாவட்டம் இது. அந்தத் தொடர்ச்சியோ என்னவோ, தொலைக்காட்சிப் பெட்டியின் மேலும் டீப்பாயின் மேலும் வெள்ளை நூல் விரிப்பு கிடக்காத வீடு என் சிறுவயதில் அரிது. கைவேலை இன்னும் இருக்கிறது, கூடி உட்காரும் வழக்கம்தான் போய்விட்டது. வீட்டு ஆண்களில் பாதிப்பேர் வளைகுடாவில், பிள்ளைகள் பெங்களூரிலோ திருவனந்தபுரத்திலோ என்றான பிறகு, பின்னி முடித்த ஒன்றை யாரிடம் காட்டுவது என்பதே பலருக்கும் பெரிய கேள்வியாக நிற்கிறது. அந்தக் கேள்வியோடுதான் நான் ராவெல்ரி இணையதளத்தில் சேர்ந்தேன். அது எதற்கு உதவுகிறது, எதற்கு உதவாது என்பதை இங்கே சொல்கிறேன்.

அமெரிக்காவைச் சேர்ந்த ஜெசிக்கா ஃபோர்ப்ஸ், கேசிடி ஃபோர்ப்ஸ் இருவரும் 2007இல் தொடங்கிய தளம் இது. இரட்டை ஊசிப் பின்னலான நிட்டிங், குரோஷா, நூல் நூற்றல், நெசவு ஆகிய கைவேலைகளுக்கானது. உறுப்பினராகக் கட்டணம் இல்லை. பேட்டர்ன்கள் எனப்படும் பின்னல் வழிமுறைகளின் பெரும் தொகுப்பு ஒருபுறம் இருக்க, ஒவ்வொருவருக்கும் தாம் செய்யும் வேலைகளைப் பதிவு செய்ய ஒரு பக்கம், கையிருப்பு நூலுக்கு ஒரு பட்டியல், அடுத்துச் செய்யவிருப்பவற்றுக்கு ஒரு வரிசை என்று தனித்தனி இடம் உண்டு. இவ்வளவையும் வேறு தளங்களிலும் ஏறக்குறைய பெறலாம் என்பதால் இதில் நீண்ட நேரம் நிற்கத் தேவையில்லை.

வேறெங்கும் எளிதில் கிடைக்காதது, ஒரு பேட்டர்னின் கீழ் அதைப் பின்னியவர்கள் எல்லாருடைய பதிவுகளும் ஒன்றாகச் சேர்ந்து கிடப்பது. குழந்தைத் தொப்பி ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அதே தொப்பியை நார்வேயிலும் பெருவிலும் ஆஸ்திரேலியாவிலும் பின்னியவர்களின் படங்கள் வரிசையாக வருகின்றன. எந்த நூல், எத்தனை மில்லிமீட்டர் ஊசி, எங்கே அளவு பெரிதாகிப்போனது, ஐந்தாவது வரிசையில் எண்ணிக்கை ஏன் ஒத்துவரவில்லை என்ற குறிப்புகள் படங்களோடு இருக்கும். பயனுள்ள குறிப்பை மற்றவர்கள் குறித்துவைக்கலாம் என்பதால் நல்லவை முதலில் கண்ணில் படும். முடிந்த வேலை, நடந்துகொண்டிருக்கும் வேலை என்பவற்றோடு, கிடப்பில் போட்ட வேலைக்கும் முழுவதுமாகப் பிரித்துவிட்ட வேலைக்கும்கூடத் தனி வகை வைத்திருக்கிறார்கள். வெற்றியை மட்டுமே காட்ட வேண்டிய கட்டாயம் உள்ள மற்ற சமூக ஊடகங்களிலிருந்து இந்தத் தளத்தைப் பிரித்துக்காட்டுவது இந்த ஒரு ஏற்பாடுதான் என்பேன். ஒரு மாத உழைப்பைப் பிரித்துப்போட்ட ஒருத்தி அதைப் படத்தோடு பதிவு செய்திருப்பதைப் பார்க்கும்போது, ஆறுதல் சொல்ல யாரும் வாய் திறக்காமலேயே ஆறுதல் கிடைத்துவிடுகிறது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இணையத்தில் துணை என்றாலே ஓயாத பேச்சு என்று நினைக்கிறோம். ஆங்கிலத்தில் சரளமாக எழுதவராத, அறிமுகமற்றவரோடு பேசக் கூச்சப்படுகிற எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது துணையே அல்ல, இன்னொரு தேர்வு. ராவெல்ரியில் ஒருவர் ஒரு வார்த்தையும் எழுதாமல் படம் ஏற்றலாம், இன்னொருவரின் வேலைக்கு இதயக்குறி இடலாம். முன்பெல்லாம் முற்றத்தில் நாலு பேர் அவரவர் வேலையைக் குனிந்து பார்த்தபடி, அவ்வப்போது அடுத்தவர் மடியை எட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே, அந்த மௌனமான கூட்டத்துக்கு மிக நெருக்கமாக வருவது இதுதான்.

மொழித் தடையைத் தாண்ட வழியும் தளத்திலேயே இருக்கிறது. தேடும்போது குரோஷா, பருத்தி, இலவசம், வரைபடம் உள்ளது என்ற நான்கையும் தேர்ந்தெடுத்தால், குறியீட்டு வரைபடம் தருகிற பேட்டர்ன்கள் மட்டும் வரும். தையல்களில் செயினுக்கு ஒரு நீள்வட்டம், சிங்கிளுக்கு ஒரு பெருக்கல் குறி, டபுளுக்குக் குறுக்குக்கோடு போட்ட ஆங்கில எழுத்து டி. இவ்வளவு தெரிந்தால் போதும். எல்லைக்கு அப்பால் பாறசாலையிலிருந்து வருகிற சேச்சி ஒருவர் மலையாளம் மட்டுமே வாசிப்பவர். விரிப்பு ஒன்றின் வரைபடத்தைக் கைப்பேசியில் காட்டியபோது, "இது நான் பின்னுவேன், நீ நூலை மட்டும் தா" என்று தமிழும் மலையாளமும் கலந்து சொல்லி ஊசியை எடுத்துக்கொண்டார். முடிந்த விரிப்பை அவருடைய விருப்பப்படியே என் பக்கத்தில் ஏற்றினேன். அதற்கு விழுந்த இதயக்குறிகளை அவர் பேத்தியிடம் எண்ணிக் காட்டச் சொன்னார்.

நூல் விஷயத்தில் கவனம் தேவை. அங்குள்ள பேட்டர்ன்களில் பெரும்பாலானவை கம்பளி நூலுக்கு எழுதப்பட்டவை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டிலும் நனைகிற குமரி மாவட்டத்தில் கம்பளிச் சட்டையை அணிய ஆளில்லை, மடித்து வைத்தால் பூசணம் பிடிக்கும். பருத்திக்கு மாற்றிக்கொள்ளும்போது அவர்கள் சொல்லும் ஃபிங்கரிங், டிகே, வொர்ஸ்டட் போன்ற பருமன் பெயர்கள் நம் கடையில் உதவா. கடைக்காரர் உல்லன் நூல், ஆங்கர் நூல் என்றுதான் தருவார். இதற்கு எளிய வழி, நூலை ஓர் அளவுகோலைச் சுற்றி இடைவெளியின்றி, இழுக்காமல் சுற்றி, ஓர் அங்குலத்தில் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுவது. ராவெல்ரியின் அட்டவணைப்படி 14 சுற்று வந்தால் ஃபிங்கரிங், 11 என்றால் டிகே, 9 என்றால் வொர்ஸ்டட். இன்னொரு பொறி, அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் ஒரே தையலை வெவ்வேறு பெயரால் அழைப்பது. அமெரிக்க சிங்கிள் குரோஷா பிரிட்டிஷ் வழக்கில் டபுள் குரோஷா. எந்த வழக்கு என்பதைப் பேட்டர்ன் பக்கமே பெரும்பாலும் குறிப்பிடுகிறது. அதைப் பார்க்காமல் தொடங்குகிறவர்கள் பாதியில் பிரிக்க நேரும்.

பேச விரும்புகிறவர்களுக்குக் குழுக்கள் இருக்கின்றன. ஒலிம்பிக் போட்டி நடக்கும் நாட்களில், தொடக்க விழாவோடு ஒரு வேலையைத் தொடங்கி நிறைவு விழாவுக்குள் முடிப்பது என்று அணி அணியாகப் பின்னுவது அங்கே பழைய வழக்கம். 2012இல் அந்நிகழ்வின் ராவெலிம்பிக்ஸ் என்ற பெயரை எதிர்த்து அமெரிக்க ஒலிம்பிக் குழு கடிதம் அனுப்பியது, அது விளையாட்டு வீரர்களை மட்டம் தட்டுவதாகவும் சொன்னது. பின்னல்காரர்களின் கோபம் கிளம்பியதும் குழு மன்னிப்புக் கேட்டது, நிகழ்வு ராவெல்லெனிக் கேம்ஸ் என்ற பெயரில் தொடர்ந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பின்னிய நீச்சல்குள டைவிங் வீரர் டாம் டேலி, தம் தங்கப் பதக்கத்துக்கே உறை பின்னினார் என்பது அந்த அவமதிப்புக்குக் காலம் தந்த நல்ல பதில். ஊசியும் நூலும் மனத்துக்குத் தரும் அமைதியைப் பற்றி 2013இல் பிரிட்டிஷ் தொழில்வழிச் சிகிச்சை ஆய்விதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, 3,545 பின்னல்காரர்களிடம் கேட்டு, அடிக்கடி பின்னுகிறவர்கள் கூடுதல் அமைதியையும் மகிழ்ச்சியையும் உணர்வதாகச் சொன்னதைப் பதிவு செய்தது. அது அவரவர் சொன்ன பதில்களின் கணக்கு. மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

குறைகளும் சிறியவை அல்ல. தளம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. வரைபடம் இல்லாத பேட்டர்ன்களில் சுருக்கெழுத்துகளைப் பழகியே ஆக வேண்டும். முதல்முறை நுழைகிறவருக்குத் தேடல் பக்கத்தின் தெரிவுகள் மலைப்பைத் தரும். 2020 ஜூனில் தளத்தின் தோற்றத்தை மாற்றியபோது தலைவலி, ஒற்றைத் தலைவலி, வலிப்பு வருவதாகப் பலர் தெரிவித்தார்கள். பழைய தோற்றத்தைத் தெரிவாக விட்டுவைத்து, 2021 மார்ச் இறுதியில் அதையும் நிறுத்திவிட்டார்கள். கைவேலை செய்கிறவர்களின் கண்களைப் பற்றி இவ்வளவு தாமதமாக யோசித்தது எனக்கு உடன்பாடில்லை. கண் உறுத்தல் உள்ளவர்கள் சேர்ந்தவுடன் அமைப்புகள் பக்கத்துக்குப் போய்த் தோற்றத்தை மாற்றிக்கொள்வது நல்லது. குழந்தைகளுக்குப் பின்னிய உடையை ஏற்றும்போது முகம் தெரியாமல் படம் எடுங்கள், அந்நியர் பார்க்கும் இடம் அது.

நம் பக்கத்து வாட்ஸ்அப் கைவேலைக் குழுக்களோடு ஒப்பிட்டால், உடனடிப் பதிலுக்கு அவையே மேல்; ஆனால் காலை வணக்கப் பூக்களுக்கு அடியில் போன வாரத்துக் குறிப்பைத் தேடி எடுக்க முடியாது, ராவெல்ரியில் பத்தாண்டுக்கு முந்தைய குறிப்பும் அதே இடத்தில் இருக்கும். விலை உள்ள பேட்டர்ன்கள் பெரும்பாலும் டாலரிலோ யூரோவிலோ விற்கப்படுகின்றன. இலவசமானவையே ஓர் ஆயுளுக்குப் போதும் என்றாலும், பிடித்த ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினால் அந்தக் கோப்பைக் குழுவில் அனுப்பாதீர்கள், அது வடிவமைத்தவரின் பிழைப்பு. என்னிடம் கேட்கிற அக்காமாருக்கு நான் பேட்டர்ன் பக்கத்தின் முகவரியை மட்டும் அனுப்புகிறேன். அவர்கள் முதலில் முகத்தைச் சுளித்துவிட்டு, பிறகு அதே பக்கத்தில் இலவசமாக வேறொன்றைக் கண்டுபிடித்து எனக்கே அனுப்புகிறார்கள்.