பழைய வீட்டுக் கொல்லையில நாய்க்காகப் போட்ட செயற்கைப் புல், மூணு வருஷத்துக்கு அப்புறம்

எங்க வீடு மேற்கு மாம்பலத்துல, 1950கள்ல தாத்தா கட்டினது. சுண்ணாம்புக் காரைச் சுவர், உள்ள சிவப்பு ஆக்சைடு தரை, பின்னாடி கொல்லையில கிணறு, வேப்பமரம், துவைக்கிற கல்லு. தெருவுல ரோடு மேல ரோடா போட்டுப் போட்டு இப்ப ரோடே எங்க வாசப்படிய விட ஒண்ணரை அடி உசரத்துல இருக்கு, அதனால கொல்லையில விழற தண்ணிக்கு வெளிய போக வழியே கிடையாது. கருப்பி தெருவுல இருந்து வந்த நாட்டு நாய், பதினெட்டு கிலோ, மழைக்காலம் வந்தா நாலு காலும் சேறோட நேரா சமையலறைக்கு வருவா. அம்மாவுக்கு 72 வயசு, அந்த ஈரத் தரையில ஒருநாள் வழுக்கி விழுந்தாங்க, அன்னிக்குத்தான் புல் போட்றதுன்னு முடிவு பண்ணோம்.

2022 ஆகஸ்ட்ல போட்டது. 13க்கு 20 அடி, 260 சதுர அடி. ரோல் ஆறரை அடி அகலத்துல வருது, அதனால ரெண்டு துண்டு போதுமா இருந்துச்சு.

முதல்ல வந்து பாத்த கான்ட்ராக்டர் "ரெண்டு இஞ்ச் கான்கிரீட் போட்டு மேல ஒட்டிடலாம் சார், ஒரே நாள் வேலை"ன்னாரு. எங்க வீட்டுக்கு வழக்கமா வர்ற கொத்தனார் அண்ணன் கேட்டுட்டு வேணாம்னுட்டாரு. "தம்பி, இந்தக் காலத்து வீட்டுக்கு போட்ற மாதிரி போடாத, தரைய அடைச்சா சுவரு தண்ணி குடிக்கும்"னாரு. விஷயம் என்னன்னா பழைய வீட்டு அஸ்திவாரத்துல ஈரம் மேல ஏறாம தடுக்கிற படலம் எல்லாம் கிடையாது, மண்ணுல இருக்கிற ஈரத்துல பாதி, திறந்து கிடக்கிற தரை வழியா ஆவியா போயிடும், அந்த வழிய அடைச்சா மிச்ச ஈரமும் சுவர்ல ஏறி ஓதம் தட்டி காரை உப்பி உதிரும். அதோட தரைய உசத்தினா கொல்லைத் தண்ணி வீட்டுக்குள்ளதான் வரும். அதனால உசத்தாம நாலு இஞ்ச் மண்ண வெட்டி எடுத்துட்டு, கீழ முக்கா இஞ்ச் ஜல்லி, மேல பொடி சைஸ் சிப்ஸ் ஜல்லி கொட்டி தட்டி, அதுமேல புல்ல விரிச்சோம், சுவர் ஓரமா அரை அடி வெறும் கூழாங்கல்லா விட்டுட்டோம். இன்னிவரைக்கும் அந்தச் சுவர்ல புதுசா ஓதம் இல்ல.

வாட்டம், அதாவது தண்ணி ஓடறதுக்கான சரிவு விஷயத்துல நான் கிட்டத்தட்ட பெரிய தப்பு பண்ணப் பாத்தேன். 2003ல மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு வந்தப்ப அப்பா கிணத்துக்குப் பக்கத்துல ஒரு குழி போட்டிருந்தாரு, தண்ணி அங்கயே போகட்டும்னு சொல்லிட்டேன். அப்புறம் ராத்திரி படுக்கும்போதுதான் உறைச்சுது, கருப்பி போற மூத்திரம் முழுக்க கிணத்துக்குப் போகும்னு. மறுநாள் காலையில வேலைய நிறுத்தி வாட்டத்த எதிர்ப்பக்கம் திருப்பி, பத்து அடிக்கு ஒண்ணேகால் இஞ்ச் சரிவு கொடுத்து, மூலையில தனியா ஒரு உறிஞ்சு குழி வெட்டினோம். கிணறு இருக்கிற வீட்டுக்காரங்க தயவுசெஞ்சு இத மட்டும் முதல்ல பாருங்க. புல்லுக்கு 19,500, அடி வேலைக்கு 31,000 ஆச்சு, புல்ல விட கீழ இருக்கிறதுக்குத்தான் காசு போகும்.

இப்ப வெயில். இது பிளாஸ்டிக், ஆவி விட்டு குளிர்ற வேலை இதுக்குத் தெரியாது. மே மாசம் மதியம் ரெண்டு மணிக்கு தெர்மாமீட்டர் கன் வெச்சுப் பாத்தேன், புல்லு 64 டிகிரி காட்டுச்சு, வேப்பமரத்தடி மண்ணு 36. நாயோட பாதம் வெந்துடும். மரத்தைச் சுத்தி வேர வெட்டாம மூணு அடிக்கு மண்ணாவே விட்டது எங்க அதிர்ஷ்டம், வெயில் காலத்துல கருப்பி படுக்கிறது அங்கதான். மேல பச்சை வலை கட்டினதுக்கு அப்புறம்தான் சாயந்திரம் நாலு மணிக்காவது அவளால நடக்க முடியுது. நிழல் இல்லாத கொல்லையா இருந்தா நான் போடச் சொல்ல மாட்டேன்.

நாத்தம் எட்டாவது மாசம் ஆரம்பிச்சுது. பசுமையா தெரியணும்னு புல் நூல் 40 மில்லிமீட்டர் உசரம் இருக்கிறதா எடுத்தேன், அடியில சாதாரண லேடெக்ஸ் ரப்பர் பூச்சு, தண்ணி இறங்க அங்கங்க ஓட்டை. மூத்திரம் ஓட்டைக்குப் போறதுக்குள்ள அடித்துணியில பரவி நின்னுடுது, அதுல இருக்கிற யூரியாவ பாக்டீரியா அம்மோனியாவா மாத்துது, அந்த நெடி புழுக்கமான நாள்ல சமையலறை வரைக்கும் வரும். பினாயில் ஊத்தாதீங்க, நாய் காலை நக்கும். பிளீச்சிங் பவுடர் அதவிட மோசம், அம்மோனியாவோட சேந்தா விஷ வாயு வரும். நான் தினமும் காலையில ரெண்டு பக்கெட் தண்ணி, வாரத்துக்கு ஒருதடவை என்சைம் கிளீனர், அவ்ளோதான். புல்லுக்கு நடுவுல தூவுற மணலுக்குப் பதிலா ஜியோலைட்ங்கிற, அம்மோனியாவ இழுத்துக்கிற தாதுக் கல்லுப் பொடிய தூவினது நல்லா வேலை செஞ்சுது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எங்க கொல்லையில முட்டி அளவு தண்ணி, சாக்கடையும் கலந்து ரெண்டு நாள் நின்னுச்சு. புல்ல ஒட்டாம ஆணி அடிச்சு மட்டும் வெச்சிருந்ததால தண்ணி வடிஞ்சதும் பிடுங்கி, ரெண்டு பக்கமும் கழுவி, மொட்டைமாடில காயப்போட்டு, கீழ சிப்ஸ மாத்திட்டு திரும்ப விரிக்க முடிஞ்சுது. ஒட்டியிருந்தா மொத்தமும் குப்பைதான். அப்பவே கருப்பி அதிகமா போற கொல்லைக்கதவு பக்கத் துண்ட மட்டும் 25 மில்லிமீட்டரா, அடி முழுக்க தண்ணி இறங்குற ரகமா மாத்திட்டேன். ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல கிடக்கு, வித்தியாசம் மூக்குக்கே தெரியுது.

இன்னொண்ணு, புல்லு போட்டா உண்ணி போயிடும்னு கடையில சொன்னாங்க. போகல. பழுப்பு உண்ணி பழைய சுவர் விரிசல்லதான் ஒளிஞ்சு முட்டை வைக்குது, போன வருஷம் கருப்பிக்கு உண்ணிக் காய்ச்சல் வந்து பிளேட்லெட் இறங்கி மூணு வாரம் மாத்திரை, நாங்க யாரும் சரியா தூங்கல. அப்புறம் விரிசல எல்லாம் சுண்ணாம்பு வெச்சே அடைச்சோம், மாசாமாசம் உண்ணி மருந்தும் தவறாம கொடுக்கறோம்.

பங்குனி சித்திரைல வேப்பம்பூ கொட்டி நூலுக்குள்ள மாட்டிக்கும், பூந்துடைப்பத்துக்கு வராது, கெட்டி பிரஷ்ஷால எதிர்ப்பக்கமா தேய்க்கணும். கதவுல இருந்து துவைக்கிற கல்லு வரைக்கும் நடக்கிற தடத்துல புல்லு படுத்துடுச்சு, அது எழும்பல.

அம்மா அதுக்கப்புறம் வழுக்கல. இந்த ஐப்பசி மழைக்கு முன்னாடி கிணத்துப் பக்கத் துண்டையும் 25ஆ மாத்திடப் போறேன், கொத்தனார் அண்ணன்கிட்ட சொல்லி வெச்சாச்சு.